கெட்டுப்போகாமல் இருக்க

கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள் நர்ஸ். சாத்துவதற்குமுன் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, கொண்டுபோற ஆள் இன்னைக்கு லீவு. நீங்கதான் போகணும். பழைய கட்டடம், கீழ்த்தளம், பெத்தாலஜி. சீட்டையும் சேத்துக் குடுங்க. அப்படியே கொண்டுபோங்க, சீக்கிரம்." ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் பாட்டில். ஊறுகாய் போட்டு வைப்பது மாதிரி வாயகன்ற சின்னப் பிளாஸ்டிக் பாட்டில், வெள்ளை மூடி, மூடியின்மேல் பச்சை மையில் 'பிரம்மசக்தி, 47, பெண்' என்று எழுதியிருந்தது. சொரிமுத்து அந்தப் பேரைப் படித்தார். மறுபடியும் படித்தார். தன் பெண்டாட்டி பேரை இத்தனை கவனமாக அவர் கல்யாணப் பத்திரிகையில்கூடப் படித்ததில்லை. பேருக்குக் கீழே, ஈரமான கட்டுத்துணியின் மேல், நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்த பழுப்பில் ஒன்று கிடந்தது. பக்கத்தில் தட்டாம்பயறு அளவுக்கு வெளிறிப்போய் இன்னொன்று. காலையில் ஏழரை மணிக்கு இவை இரண்டும் அவள் கழுத்துக்குள் இருந்தன. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "ஏங்க, காப்பி குடிச்சியளா, வெறும் வயித்தோட நிக்காதிய" என்று அவள் சொன்னபோது அந்தப் பேச்சு இவற்றுக்குப் பின்னால் இருந்துதான் புறப்பட்டு வந்திருக்கும். இப்போது இவை மட்டும் தனியே அவர் உள்ளங்கையில். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்து அட்டெண்டர். தவளை, எலி, சுறாக்குட்டி, ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலு மாதத்துச் சிசு, எல்லாவற்றையும் இந்தக் கைதான் கழுவிக் கண்ணாடி ஜாடியில் இறக்கி மூடி போட்டு மெழுகு பூசியிருக்கிறது. ஒருநாளும் நடுங்கியதில்லை. மாணவிகள் மயங்கி விழுவார்கள், இவர் ஒரு கையால் எலியையும் மறு கையால் தண்ணீர்ச் சொம்பையும் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தக் கை இன்று ஒரு நெல்லிக்காயைத் தாங்கமாட்டாமல் ஆடியது. ஊரான் வீட்டுத் தவளை என்றால் கைக்குத் தைரியம் தானாக வரும்போல.

மூன்று மாடி இறங்கவேண்டும். லிஃப்டுக்கு முன்னால் கூட்டம். படியிலேயே இறங்கினார். சீக்கிரம் என்றாளே, எதற்குச் சீக்கிரம், வேறெதற்கு, கெட்டுப்போய்விடும் என்றுதான். சதை வெளியே வந்துவிட்டால் அதற்கு நேரம் ஓட ஆரம்பித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா. நம்ம ஊர் வெயிலில் அரைமணி போதும், நிறம் மாறும், ஒரு மணியில் மணம் மாறும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே மருந்து இல்லை. துணியில் இருக்கிற ஈரம்தான். சதையைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் ஒரு சொட்டுகூட இல்லை. அடப் பாவிகளா, உலர்ந்த பாட்டிலிலா போட்டுக் கொடுப்பார்கள், அவசரத்தில் மறந்துவிட்டார்கள், இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, ஒரு கல்லூரி லேபில் இருக்கிற ஒழுங்குகூட இல்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். ஐம்பத்துநாலு வயது முழங்கால் முனகியது. யார் கேட்டது அதை. பழைய கட்டடத்துக்குப் போகிற சிமெண்டுப் பாதையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாட்டிலைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் லேசாகச் சூடாக இருந்தது. வெயிலா, அவள் உடம்புச் சூடேதானா. அந்த எண்ணம் வந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அவளுடைய சூடு. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த சூடு. யாரோ ஒருத்தர் "அண்ணாச்சி, மயக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

பெத்தாலஜி வாசலை மூக்கு கண்டுபிடித்தது, கண்ணுக்கு வேலையில்லை. கண்ணைக் கரிக்கிற அந்தக் கார நெடி. முப்பத்தொரு வருஷமாகச் சட்டையில், சோற்றில், தலையணையில் கூடவே வந்த நெடி. "உங்ககூடப் படுத்தா நானும் கெடாம இருப்பேன்" என்று பிரம்மசக்தி கேலி பண்ணுகிற நெடி. கவுண்டர் ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இல்லை. முன்னால் பெஞ்சில் நாலைந்து பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் நீலக் கேன், அடியில் குழாய். வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஃபார்மலின் நிரப்பிக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காமலே அவருக்குத் தெரியும், பத்து சதவீதம், நெடி சொல்லிவிடும். யாரையும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பானையில் தண்ணீர் மொள்ள யாராவது கேட்பார்களா. மூடியைத் திறந்தார், குழாயைத் திருகினார், சதை முழுகி அதற்குமேல் இரண்டு விரற்கடை நிற்கிற வரைக்கும் விட்டார், துணியின் மடிப்பில் காற்றுக்குமிழி தங்காமல் இருக்கப் பாட்டிலை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார், மூடினார், மூடியின் விளிம்பைச் சட்டை நுனியால் துடைத்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்தப் பழுப்பும் அந்த வெளுப்பும் தெளிந்த நீரில் அசைந்து அடங்கின. நெஞ்சில் கட்டியிருந்த கல் ஒன்று இறங்கியது. காலையிலிருந்து எல்லோரும் அவளுக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள், ஊசி போட்டார்கள், சட்டை மாற்றினார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இப்போது இவரும் ஒன்று செய்துவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர் மறந்ததை இவர் ஒருத்தர் கவனித்துவிட்டார். இனிக் கெடாது. பெஞ்சில் கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

ஃபார்மலினுக்குள் போய்விட்டதற்கு அவசரம் கிடையாது. ஆய்வகத்து அலமாரியில் முதல் தட்டில் இரண்டு தலை ஆட்டுக்குட்டி ஒன்று இருக்கிறது, இவர் வேலைக்குச் சேருமுன்பே வந்தது, இன்றைக்கும் அதே தூக்கம். எத்தனை பிரின்சிபால் மாறினார்கள், அது மாறவில்லை. முதல் தட்டு அபூர்வங்களுக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வந்தால் இவர்தான் பெருமையாகச் சொல்வார், "இது லட்சத்துல ஒண்ணு". அபூர்வம் என்றால் நல்லது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஜெசிந்தாவும் அபூர்வம் என்றுதான் சொன்னார்கள். "தைராய்டுல கேன்சர் வர்றது ரெண்டு பக்கத்துலதாங்க. நூறு பேருக்கு வந்தா அஞ்சாறு பேருக்குத்தான் நடுவுல வரும். உங்க வீட்டம்மாவுக்கு நடுவுல வந்திருக்கு." கேன்சர் என்ற சொல் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஆனால் காதில் ஏறவில்லை, நடுவுல என்பதுதான் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோயில் குலுக்கலில் ஒரு டிஃபன் கேரியர்கூட விழாத குடும்பம். அதற்கு இது விழுகிறது. டாக்டர் ஒரு தாளை எடுத்துப் பட்டாம்பூச்சி வரைந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு சிறகு, அந்தப் பக்கம் ஒரு சிறகு, இரண்டையும் இணைக்கிற உடம்பு மாதிரி ஒரு சின்னப் பாலம், மூச்சுக்குழாய்க்கு நேர் மேலே. "இந்தப் பாலத்துலதான் கட்டி" என்று பேனாவை அதன் நடுவில் குத்தினார்கள். சொரிமுத்துக்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பட்டாம்பூச்சியை அட்டையில் பதிக்கும்போது ஊசியை அங்கேதான் குத்துவார். சிறகு கெடக்கூடாது என்பதற்காக நடுவில், நெஞ்சில். எத்தனை ஆயிரம் ஊசி. பாவம் என்று ஒன்று இருந்தால் அது இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளுமா. சேச்சே, பூச்சிக்கும் பெண்டாட்டிக்கும் என்ன சம்பந்தம், படித்தவர்களோடு முப்பது வருஷம் இருந்தும் இப்படி யோசிக்கிற மண்டை. ஆனாலும் அந்தப் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. டாக்டர் மேலே சொல்லிக்கொண்டே போனார்கள். பிரம்மசக்திதான் முன்னால் சாய்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அங்கன்வாடி டீச்சர் அல்லவா, கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம். இவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்ததும் இவர்தான். யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட. தை மாசத்தில் ஒருநாள், வேலையிலிருந்து வந்த அலுப்பில் அவள் செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். உதடு படாமல், கழுத்தை நன்றாக வளைத்து, மடக் மடக்கென்று. அப்போது தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, சரியாக நடுவில், ஒன்று ஏறி இறங்கியது. மறுவாய் விழுங்கினாள், மறுபடி ஏறி இறங்கியது. ஆம்பிளைக்குத் தொண்டையில் புடைத்து நிற்குமே, அதுமாதிரி. இவளுக்கு எங்கேயிருந்து வந்தது இது என்று நினைத்தார். நினைத்துவிட்டு, மெலிந்துவிட்டாள், அதனால் எடுத்துத் தெரிகிறது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். தவளையின் ஈரலில் கடுகளவு பொட்டு இருந்தாலும் பேராசிரியருக்கு முன்னால் கண்டுபிடிக்கிற ஆள். வைகாசியில் அங்கன்வாடியில் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்குழந்தை அவள் கழுத்தைத் தொட்டு, "டீச்சர், கோலிக்குண்டு" என்றதாம். சிரித்துக்கொண்டேதான் வீட்டில் வந்து சொன்னாள். தைக்கும் வைகாசிக்கும் நடுவில் நாலு மாசம். அந்த நாலு மாசத்தில்தான் அந்தத் தட்டாம்பயறு வீங்கியதா. நெறி கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்களே, கட்டிக்கு மேலே ஒரே ஒரு சின்ன நெறி, கேன்சர் அதற்குள் போயிருந்தால் ஒரு மாதிரி, போகாவிட்டால் ஒரு மாதிரி. தையிலேயே வாயைத் திறந்திருந்தால். மடியில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பயறு அமைதியாகக் கிடந்தது. சொல்லேன், உள்ளே இருக்கா இல்லையா, சொல்லேன். உன்னை நம்பித்தான் இனி எல்லாம் நிற்கிறது.

ஏனென்றால் அவள் போட்ட நிபந்தனை அப்படி. அவளுடைய அக்கா செல்லக்கனிக்கு ஏரல் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்துக் கழலை என்று மொத்தச் சுரப்பியையும் எடுத்தார்கள். கழலை போனது, கூடவே குரலும் போனது. இப்போது செல்லக்கனி பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வரும். போனில் அவள் பேசுவது புரியாமல் வைத்துவிடுகிறார்கள் என்பதால் யாருக்கும் போனே போடுவதில்லை. "ரெண்டு பக்கச் சிறகுக்கும் பின்னால குரல் நரம்பு ஓடுது, எல்லாருக்கும் அப்படி ஆகாது, நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான்" என்று டாக்டர் சொன்னார்கள். நூற்றில் ஐந்தாறு எங்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டதே, ஒன்றுக்கு வழி தெரியாதா என்று இருவருமே நினைத்தார்கள், சொல்லிக்கொள்ளவில்லை. பிரம்மசக்தி எழுதிக் கேட்டு வாங்கிவிட்டாள். நடுப்பாலத்தையும் நெறியையும் எடுப்பது. ஆபரேஷன் நடக்கும்போதே நெறியைச் சோதித்துப் பார்ப்பது. அதில் இல்லையென்றால் சிறகுகளைத் தொடக்கூடாது, அதில் இருந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். "எனக்கு உயிரும் வேணும் டாக்டர், சத்தமும் வேணும். ரெண்டும் கெடைக்காதுன்னா உயிரை எடுத்துக்கிடுதேன், ஆனா கேக்காம எடுத்துறாதிய சத்தத்தை" என்றாள். இருபத்தாறு பிள்ளைகளைத் தெருமுனையில் நின்று ஒற்றைக் கூப்பாட்டில் சேர்க்கிற குரல். கூப்பிட்டால் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக் கோழியும் வரும் என்பார் இவர். அந்தக் கூப்பாட்டுக்குள் இருபத்தாறு வருஷம் குடியிருந்தாயிற்று, அது இல்லாத வீட்டில் எப்படி இருப்பது, எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாது. சோதித்துப் பார்ப்பார்கள். உள்ளேயே ஏதோ மிஷின் இருக்கும். இந்நேரம் பார்த்திருப்பார்கள். இது மிச்சம், பிறகு சாவகாசமாகப் பார்ப்பதற்காகக் கொடுத்துவிட்டிருப்பார்கள். கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

வரிசை நகர்ந்தது. கவுண்டருக்கு வந்திருந்த ஆள் ஒவ்வொரு சீட்டாகப் பதிந்துகொண்டிருந்தார். பின்னால் வந்து உட்கார்ந்த ஒரு பெண் நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரருடைய குடலில் எடுத்த சதையாம். "அம்பாசமுத்திரம் வண்டி பன்னெண்டுக்கு அண்ணாச்சி. வீட்டுல மாமியா தனியா கெடக்காவ" என்றாள். அடுத்தது சொரிமுத்துவின் முறை. எழுந்து வழி விட்டார். "நீங்க மொதல்ல குடுங்கம்மா. நம்மளது மருந்துல கெடக்கு, அவசரமில்ல." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நல்ல காரியம் செய்தவனுக்கு வருகிற இளகிய மனசோடு அவர் மறுபடி உட்கார்ந்தார். சுவரில் மணி பதினொன்று நாற்பது. பாட்டிலை வாங்கும்போது மணி என்ன? பதினொன்று பத்தா? நேரம் ஒன்றும் பெரிதாகப் போகவில்லை.

உள்ளே டெலிபோன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் கோட்டில் கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "தியேட்டர்லேருந்து பிரம்மசக்தி கேஸ் யாரு கொண்டுவந்தது? அரைமணியாத் தேடுறோம்" என்று பெஞ்சைப் பார்த்துச் சத்தம் போட்டார். சொரிமுத்து எழுந்தார். "நான்தான் சார்." டாக்டர் பாய்ந்து வந்து பாட்டிலை வாங்கினார், தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதுல யாரு ஃபார்மலின் ஊத்தினது?" இப்போதும் சொரிமுத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆய்வகத்தில் பேராசிரியருக்குப் பதில் சொல்கிற அதே நிமிர்வோடு, "நான்தான் சார். அவங்க மறந்துட்டாங்க" என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "எவ்வளவு நேரமாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "வந்த உடனே ஊத்திட்டேன் சார்." "ஐயா, இது பச்சையா வரணும். உறையவெச்சு, மெலிசா சீவி, அஞ்சு நிமிஷத்துல பார்த்துச் சொல்லணும். அவங்க அங்க கழுத்தைத் திறந்துவெச்சுட்டு எங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. பெரிய கட்டியில உள்சதை கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம். இந்தச் சின்ன நெறி முழுக்க ஊறிப்போச்சு, வேகவெச்ச மாதிரி. இதை உறையவெச்சுப் பார்த்து நான் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது." கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்த ஒரு வரியைத் தாண்டி மண்டை நகர மறுத்தது. அவள் அங்கே கழுத்து திறந்து கிடந்தாள், இவர் இங்கே அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். அவள் அங்கே திறந்து கிடந்தாள், இவர் இரண்டு தலை ஆட்டுக்குட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். வாய் கோணி ஒரு சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது, அதை அடக்க முடியவில்லை, பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. "நீங்க மேல போங்க, நான் டாக்டர்கிட்ட பேசுறேன்" என்றார் கண்ணாடிக்காரர். போனார். எப்படிப் போனார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில் இருந்தது, படி இருந்தது. கெட்டுப்போகாமல் இருக்கச் செய்தது. கெடுத்தது அதுதான். யாருக்கும் தெரியாத வேலை அவருக்குத் தெரிந்திருந்ததால் வந்த வினை. ஒன்றுமே தெரியாத ஒரு மடையன் கையில் கொடுத்திருந்தால் இந்நேரம் அவன் ஓடிப்போய்ச் சேர்த்திருப்பான்.

தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் ஜெசிந்தா வந்தார்கள். கையுறையைக் கழற்றியிருந்தார்கள், முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தார்கள். சொரிமுத்து காலில் விழப்போனார். "வேண்டாம், நில்லுங்க" என்றார்கள். "கோபப்பட எனக்கு இப்ப நேரமில்ல, உங்களுக்கு அழ நேரமில்ல. கேளுங்க. நெறி அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல இருக்கா இல்லையான்னு மெழுகுல பதிச்சு வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும், பத்து நாள் ஆகும். நெறியில இல்லேன்னா என்ன செய்யணும்னு உங்க வீட்டம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. இருந்தா என்னன்னும் எழுதியிருக்காங்க. தெரியலைன்னா என்னன்னு நாங்க யாரும் எழுதலை. இப்ப ரெண்டு வழி. மொத்தத்தையும் இன்னைக்கே எடுத்துரலாம், கேன்சருக்கு அது பந்தோபஸ்து. இல்லேன்னா நடுவை எடுத்ததோட தைச்சுட்டுக் காத்திருக்கலாம். நெறியில இருக்குன்னு வந்தா மறுபடி திறக்கணும். மறுபடி திறந்தா உள்ள தழும்பா இருக்கும், நரம்பைத் தேடிப்பிடிக்கிறது இன்னைக்கு மாதிரி இருக்காது. ரெண்டுமே செய்யக்கூடியதுதான், எதையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன். ரெண்டு நிமிஷம் தர்றேன்."

இரண்டு நிமிஷம். சொரிமுத்து சுவரைப் பார்த்து நின்றார். எடுத்துவிடச் சொன்னால் பத்து நாள் பயம் இல்லை, உயிர் பந்தோபஸ்து, அவளே உயிரைத்தானே முதலில் வைத்தாள். கேட்காமல் எடுக்காதீர்கள் என்றும் சொன்னாளே. தைத்துவிடச் சொன்னால் சத்தம் இருக்கும், பத்து நாளைக்கு இருக்கும், அப்புறம் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டால் இன்றைக்கு நூற்றில் ஒன்று என்றிருந்தது அன்றைக்கு நூற்றில் எத்தனையோ. அவளை எழுப்பிக் கேட்க முடியாதா, ஒரே ஒரு கேள்வி. கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது. யோசனை செக்குமாடாகச் சுற்றியது. சுற்றுகையில் ஓர் இடத்தில் இடறி நின்றது. மொத்தத்தையும் எடுத்துவிட்டால் அவள் விழித்ததும் என்ன நினைப்பாள்? நெறியில் இருந்திருக்கிறது, அதனால் எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பாள். நடுவோடு விட்டால்? இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பாள். எப்படிப் போனாலும் அவள் இவரைக் கேட்கவே மாட்டாள். அவள் போட்ட நிபந்தனையே இவருக்கு வேலியாக நிற்கும். பாட்டிலில் மருந்து விட்டது யார் என்ற கேள்வி பிறக்கவே பிறக்காது. இது தோன்றியதும் ஒரு கணம் உடம்பு லேசானதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் அங்கே கிடக்கிறாள், இவர் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள இடம் பார்க்கிறார். தூ. தையில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த அதே ஆள். அதே வாய். திரும்பினார். "தைச்சிருங்கம்மா. நடுவோட தைச்சிருங்க. அதுக்குமேல எதுன்னாலும் அவ சொல்லட்டும். அவ கழுத்து." டாக்டர் ஜெசிந்தா முகமூடியை ஏற்றினார்கள். "அவங்ககிட்ட நடந்ததைச் சொல்லியாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" "நான் சொல்லுதேன்" என்றார். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். கட்டிலில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை, பட்டையின் நடுவில் ஒரு காசு அளவுக்கு ரத்தக் கறை. கண் பாதி திறந்திருந்தது. இவரைப் பார்த்ததும் விரலை அசைத்தாள். சொரிமுத்து பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கட்டிலை ஒட்டி நின்ற நர்ஸ், "பேசலாம்மா, மெதுவா. குழாய் வெச்சதால கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்றாள். பிரம்மசக்தி பயந்துபயந்து எச்சிலை விழுங்கினாள். உதட்டைக் குவித்தாள். "ஏங்க" என்றாள். கரகரப்பாக, தூக்கம் கலையாமல், ஆனால் அவள் குரல். செல்லக்கனியின் காற்று இல்லை, அவளுடைய சத்தம். அவளும் அதைக் கேட்டாள். கேட்டு, கண்ணை முழுசாகத் திறந்து, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், "ஏங்க". அப்புறம் நர்ஸைப் பார்த்து, "நடுவுல மட்டும்தானம்மா எடுத்தாவ?" என்றாள். "ஆமாக்கா, நடுவுல மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

பிரம்மசக்தியின் முகம் மலர்ந்தது. காது வரைக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "பாத்தியளா, நெறியில ஒண்ணும் இல்ல. இருந்தா எல்லாத்தையும் எடுத்திருப்பாவள்லா. ஒண்ணும் இல்ல. நான் சொன்னம்லா." அவர் விரலை அவள் இறுக்கினாள். மயக்கம் தெளியாத கைக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது. "அக்காவுக்குப் போன் போடுங்க. சுத்தமா ஒண்ணுமில்லையாம்னு சொல்லுங்க. போனை எங்கிட்டக் குடுங்க, நானே ரெண்டு வார்த்தை பேசுதேன், அவ என் சத்தத்தைக் கேக்கட்டும்."

சொரிமுத்து போனை எடுக்கவில்லை. முக்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலை ஒட்டி இழுத்துக்கொண்டார். "பிரம்மு" என்றார். "போனை அப்புறம் போடலாம். அதுக்கு முன்னால நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க" என்றாள் அவள், சிரித்தபடியே.